ஆணி பொறுக்கிய முதலாளி

(டி.வி.சுந்தரம் ஐயங்கார் வாழ்க்கையும், ஒரு ஸ்பிரிங் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடமும்)



மதுரைக்காரர்களுக்கு டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. டி.வி.எஸ். நகர் இருக்கிறது. மேல வெளி வீதியில் டி.வி.எஸ். கட்டடம் இருக்கிறது. கேம்பஸ் இண்டர்வியூ என்றதும் நம்ம பசங்க முதலில் விசாரிப்பது அந்தக் குடும்பத்துக் கம்பெனி ஏதாவது வருகிறதா என்றுதான். ஆனால் அந்த மூன்றெழுத்துக்குச் சொந்தக்காரர் எப்படிப்பட்ட மனுஷன் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் மொபெட்டைத்தான் நினைப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன், இந்த வருஷம் ஒரு ஸ்பிரிங் உடையும் வரைக்கும்!

எங்கள் பேட்ச் எடுத்த புராஜெக்ட், 1930-களைச் சேர்ந்த ஒரு செவர்லே காரைப் புதுப்பிப்பது. ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த வண்டி. இன்ஜினைச் சுழல வைத்துவிட்டோம். அடுத்து வந்தது பெரிய சண்டை. எந்தப் பார்ட்டுக்கு என்ன ஃபினிஷ்? எல்லாவற்றையும் பிளேட்டிங் போட்டு மின்ன வைத்துவிட்டால் கண்காட்சி நாளில் கைதட்டு நிச்சயம் என்றது ஒரு கோஷ்டி. நானும் அந்தக் கோஷ்டிதான். யாரையும் கேட்காமல் போல்ட், நட், கிளாம்ப் எல்லாவற்றோடும் பிரேக் ஷூவை இழுத்துப் பிடிக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்குகளையும் சேர்த்து ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். தங்கம் மாதிரி மின்னி வந்தன. மாட்டினோம். மறுநாள் காலையில் டிரம்மைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங் நடுவில் முறிந்து கிடக்கிறது. யாரும் தொடவில்லை, பிரேக்கையும் மிதிக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தானே முறிந்திருக்கிறது.

தப்பு எங்களுடையது. அது ஸ்பிரிங் ஸ்டீல் என்று பட்டறைக்காரரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் வழிகாட்டி சார் கோபப்படவில்லை. இந்த மாதிரி வண்டிகளை இதே ஊரில் வைத்து, தினமும் ஜனங்களை ஏற்றி ஓட்டிக் காட்டிய ஒருவர் இருந்தார், முதலில் அவர் கதையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் அடுத்த போல்ட்டைத் தொடலாம் என்று மட்டும் சொன்னார். அப்படிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வக்கீல் தொழிலிலிருந்து வண்டித் தொழிலுக்கு

திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரி மலையடிவாரப் பக்கம் திருக்குறுங்குடி என்று ஒரு ஊர். நம்பி கோயில் இருக்கிற ஊர். அங்கே 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி பிறந்தவர் சுந்தரம். முழுப் பெயர் திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார். முதல் எழுத்து ஊருக்கு!

தகப்பனார் விருப்பப்படி வக்கீல் தொழிலுக்குப் போனார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதையும் விட்டு வங்கியில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் கனவு காணக்கூடிய மூன்று உத்தியோகங்களும் அவருக்குக் கிடைத்தன. மூன்றையும் விட்டார். 1912-ல் மதுரையில் பஸ் விடத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 35.

இதை இன்றைக்குப் படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். சாலைகளில் மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியும்தான். மோட்டார் வண்டி கப்பலில் வர வேண்டும், அதன் ஸ்பேர் பார்ட்டும் கப்பலில்தான் வர வேண்டும். ஒரு பேரிங் போய்விட்டால் மாதக்கணக்கில் வண்டி நிற்கும். வண்டியைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். டிரைவர், கிளீனர், மெக்கானிக் எல்லாரையும் தாமே பழக்கி எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து இதில் இறங்கினார்!

லாடத்து ஆணி

அவரைப் பற்றி மதுரையில் இன்றும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. மாட்டுக்கும் குதிரைக்கும் அடித்த லாடத்திலிருந்து ஆணிகள் கழன்று சாலையில் விழும். அவை பஸ் டயரில் ஏறும். டயர் பஞ்சர் ஆனால் அந்த டிரிப் போச்சு. மற்றவர்களாக இருந்தால் ஒரு ஸ்டெப்னி கூட வைத்துக்கொண்டு சமாளித்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வண்டியில் காந்தத்தைக் கட்டி, பஸ் போகும் சாலையில் முன்கூட்டியே ஓட்டி, ஆணிகளைப் பொறுக்க வைத்தார்.

அவருடைய பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று ஜனங்கள் சொல்லும் அளவுக்கு நேரம் தவறாமை வந்ததென்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆணி பொறுக்கும் வேலைதான் இருந்தது. நேரத்துக்கு வர வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினால் பஸ் வந்துவிடாது. எதனால் தாமதமாகிறது என்று கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு முதல் அடி விழுந்தது. நாங்கள் எங்கள் காரை எட்ட நின்று பார்த்தோம். பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தோம். ஒவ்வொரு பார்ட்டும் ஓடும்போது என்ன பாடுபடுகிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

ஒரிஜினல் என்பது எது?

பஸ்ஸோடு லாரிகளும் சேர்ந்தன. டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ், சதர்ன் ரோடுவேஸ் என்று தொழில் வளர்ந்தது. வண்டி ஓட்டியவர் வண்டி விற்பவராகவும் ஆனார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்ற நிறுவனங்கள் வந்தன. செவர்லே வண்டிகளைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய விநியோகஸ்தராக 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ் விளங்கியது.

அவர் தொழில் நடத்திய அந்த நாற்பது சொச்சம் வருஷங்களில் வண்டிகளின் மேல்பூச்சு தலைகீழாக மாறியது. ஃபினிஷ் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

அவர் பஸ் விட்ட 1912 வாக்கில் கார்களுக்கு வார்னிஷ் வகைப் பெயிண்ட்தான். ஒரு கோட் அடித்து, காய வைத்து, தேய்த்து, மறுபடி அடித்து, ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு கம்பெனி தன் 'டி' மாடலை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களுக்கு டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டை அடித்து வெளியிட்டது. வாரக்கணக்கு மணிக்கணக்காகக் குறைந்தது, பல நிறங்களும் வந்தன. நம்ம ஊர்ப் பெயிண்டர் அண்ணன்கள் டூகோ அடிக்கிறது என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் வந்தது அங்கிருந்துதான்.

முலாம் கதையும் அப்படித்தான். 1920-களின் கடைசி வரைக்கும் ரேடியேட்டர் கூடு, விளக்கு வளையம் எல்லாம் நிக்கல். அதன் வெள்ளையில் லேசாக மஞ்சள் கலந்திருக்கும், அடிக்கடி துடைக்காவிட்டால் மங்கிவிடும். அதன் பிறகுதான் குரோம் வந்தது. அதில் நீலம் கலந்த வெள்ளை அடிக்கும். நாம் குரோம் என்று பார்ப்பதிலும் அடியில் கனமாக இருப்பது நிக்கல்தான், மேலே குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆகவே 1925 மாடல் வண்டிக்கு குரோம் போட்டால் அது தாத்தாவுக்கு ஜீன்ஸ் மாட்டிவிட்ட மாதிரி!

இன்னொரு விஷயம். அன்றைக்கு பஸ் என்று முழுசாகக் கப்பலில் வந்து இறங்கியதில்லை. சேசிஸும் இன்ஜினும் வரும். மரச்சட்டம் கட்டி, தகடு அடித்து, சீட்டு போட்டு, பெயிண்ட் அடித்து பாடி கட்டுவது நம்ம ஊர் தச்சரும் கொல்லரும் பெயிண்டரும்தான். ஊர்ப் பெயர்களை பிரஷ் பிடித்துக் கையால் எழுதினார்கள். அப்படியானால் ஒரு மதுரை பஸ்ஸின் ஒரிஜினல் ஃபினிஷ் எது? அமெரிக்கக் கம்பெனி புத்தகத்தில் தேடினால் சேசிஸின் நிறம்தான் கிடைக்கும். மீதி இந்த ஊர்க்காரர்களின் கைவேலை. ஒரு பழைய வண்டியில் ஓரிடத்தில் பிரஷ் கோடு தெரிந்தால், அதை ஃபேக்டரி வேலை இல்லை என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஒருவேளை அதுதான் ஒரிஜினலாக இருக்கும்!

பெட்ரோல் இல்லாத காலம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். 1942-ல் மலேயா ஜப்பான் கைக்குப் போனதும் உலகம் பூராவும் ரப்பருக்கும் தட்டுப்பாடு. பஸ் முதலாளிக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன வேண்டும்? எரிபொருளும் இல்லை, டயரும் இல்லை.

சுந்தரம் ஐயங்கார் வண்டிகளை ஷெட்டில் ஏற்றிவிட்டு உட்காரவில்லை. டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற கருவியை வடிவமைத்துத் தயாரிக்க வைத்தார். இதன் வேலை நம்ம தெர்மல் பாடத்தில் வருவதுதான். ஒரு உருளைக்குள் அடுப்புக்கரியை நிரப்பிப் பற்ற வைத்து, குறைந்த அளவே காற்று விட்டால், கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதைச் சாம்பல் இல்லாமல் வடிகட்டி, குளிர வைத்து, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமலே ஓடும். ஆனால் அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன் என்பதால் இன்ஜின் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மேடு வந்தால் முனகும். காலையில் கிளீனர் முன்கூட்டியே வந்து நெருப்பு மூட்டி, விசிறி சுற்றித் தயார் பண்ண வேண்டும். இவ்வளவு சிரமம் இருந்தும் வண்டி ஓடியதே, அதுதான் முக்கியம். நம் தாத்தா பாட்டிகள் கரி பஸ் என்று சொல்வது இந்த மாதிரி வண்டிகளைத்தான்.

டயருக்கு அவர் கண்ட வழி ரீட்ரெடிங் தொழிற்சாலை. தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல், உள்கூடு நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, மேல்பகுதியைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் அது இன்னொரு ஆயுசு ஓடும்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு ரெஸ்டோரேஷன்தானே நண்பர்களே! எதை வைத்துக்கொள்வது, எதைச் சுரண்டி எடுப்பது என்ற தீர்ப்பில்தான் வேலையே இருக்கிறது. உள்கூடு கிழிந்த டயருக்கு மேலே எவ்வளவு அழகாக ரப்பர் ஒட்டினாலும் அது சாலையில் வெடிக்கும். அடியில் துருவை வைத்துக்கொண்டு மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதும் அதே கதைதான்.

வீட்டுக்குள்ளே

தொழிலை மட்டும் சொல்லி நிறுத்தினால் கதை முழுமையாகாது. அவருடைய மகள் சௌந்தரம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில், அந்தச் சமூகத்தில், விதவையான பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். ஆனால் சௌந்தரம் டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் படித்து, 1936-ல் டாக்டரானார். 1940-ல் காந்திஜியின் ஆசியோடு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். கணவனும் மனைவியுமாக 1947-ல் தொடங்கியதுதான் காந்திகிராமம். மதுரையிலிருந்து திண்டுக்கல் பஸ்ஸில் போகும்போது சின்னாளபட்டி பக்கம் பார்க்கிறோமே, அதுதான்.

ஆண்பிள்ளைகள் தொழிலில் இறங்கினார்கள். பெரியவர் கடைசியில் கொடைக்கானல் வீட்டில் ஓய்வாக இருந்தார். 1955 ஏப்ரல் 28-ஆம் தேதி அங்கேயே காலமானார். வயது 78.

அவருக்குப் பிறகு 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1970-களின் தொடக்கத்தில் பஸ் தொழில் அரசுடைமையாகி, மதுரைப் பக்கத்து வழித்தடங்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்திடம் போயின. எந்தத் தொழிலில் ஆரம்பித்தாரோ அந்த பஸ்கள் கையை விட்டுப் போனாலும், பஸ்ஸைப் பழுதில்லாமல் ஓட்டுவதற்காகக் கற்ற பார்ட்ஸ் வித்தை கையில் நின்றது. பேரன் தலைமையில் போல்ட், நட் செய்ய ஆரம்பித்த சுந்தரம் ஃபாஸனர்ஸ், 1990-களில் அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. தாத்தா அவர்களிடம் வண்டி வாங்கி விற்றார், பேரன் அவர்களுக்கே பார்ட் விற்றார்!

மறுபடியும் ஒர்க்ஷாப்புக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு வந்தபோது உடைந்த ஸ்பிரிங் இன்னும் பெஞ்ச் மேலேயே இருந்தது. சார் அதைத் தூக்கிப் போட விடவில்லை.

ஏன் முறிந்தது? பிளேட்டிங்குக்கு முன்னால் துருவை எடுக்க ஆசிட்டில் முக்குகிறார்கள். பிறகு மின்சாரம் பாய்ச்சி முலாம் ஏற்றுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஹைட்ரஜன் உண்டாகி இரும்புக்குள் புகுந்துகொள்கிறது. சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு அது பெரிய பாதிப்பில்லை. ஸ்பிரிங் ஸ்டீல், ஹை டென்சில் போல்ட் மாதிரி கடினமான எஃகுக்கு அது எமன். இழுவையில் மாட்டி வைத்தால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ சொல்லாமல் கொள்ளாமல் முறியும். முலாம் போட்டே ஆக வேண்டுமென்றால், போட்ட சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அதைவிட நல்ல வழி, அந்த மாதிரி ஸ்பிரிங்கைப் பிளேட்டிங்குக்கே அனுப்பாமல் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது. அது ஒர்க்ஷாப்பில் முறியாமல், சாலையில் முறிந்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அதன் பிறகு ஒவ்வொரு பார்ட்டையும் கையில் எடுத்து, நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டோம். வந்த முடிவுகளை ஜூனியர் தம்பிகளுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் கழுவாதீர்கள். போட்டோ எடுங்கள். வாஷருக்கு அடியிலும் பிராக்கெட்டுக்குப் பின்னாலும் வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே உட்கார்ந்திருக்கும். வாட்டர் பேப்பரால் ஒரு ரூபாய் அகலத்துக்கு மெதுவாகத் தேய்த்தால் மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி ஒவ்வொரு கோட்டாகத் தெரியும். பிரைமரை ஒட்டி அதற்கு மேலே இருக்கும் வளையம்தான் முதல் பெயிண்ட்.

போல்ட்டுக்கு இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மஞ்சள் ஜிங்க் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்தத் தங்க நிறம் பரவலானது போருக்குப் பிறகுதான். போருக்கு முந்தைய வண்டியில் அது துருத்திக்கொண்டு நிற்கும். சாதாரண போல்ட்டுகளுக்கு பாஸ்பேட் போட்டு எண்ணெய் பூசினோம், மங்கிய கறுப்பு வந்தது. முலாம் போடும் இடத்தில் திரெட்டையும் கவனியுங்கள். பத்து மைக்ரான் முலாம் ஏறினால் 60 டிகிரி திரெட்டின் பிட்ச் விட்டம் நாற்பது மைக்ரான் கூடும். நட் ஏறாமல் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் திரெட் போய்விடும்.

சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் சொன்னவர்கள் உண்டு. கனமாக ஏறி நம்பரையும் ரிவெட் தலையையும் மூழ்கடித்துவிடும் என்பதால், பாதி பளபளப்புள்ள கறுப்புப் பெயிண்டோடு நின்றோம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு சாதாரணப் பெயிண்ட் அடித்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே புகைந்து உரியும். அதற்கு வெப்பம் தாங்கும் மங்கிய பூச்சுதான். பாடிக்கு இன்றைய டூ-பேக் பெயிண்ட் நீடிக்கும், ஆனால் ஈரம் சொட்டுவது மாதிரி மின்னும். அந்தக் காலத்து டூகோவின் மெல்லிய பளபளப்பு வேறு. நாங்கள் என்.சி. பெயிண்டையே அடித்து, கையால் பாலிஷ் போட்டோம். முதுகு வலி இன்னும் போகவில்லை!

கண்காட்சி நாளில் எங்கள் வண்டியைவிடப் பளபளப்பான வேலைகள் நாலைந்து இருந்தன. எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் பழைய பஸ்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பானெட்டுக்குள் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். ஒரு போல்ட்டை விரலால் தடவினார். அந்தக் காலத்திலே இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அது போதும்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் சிலர் பெரிய தொழிற்சாலைக்குப் போவோம், சிலர் சொந்தமாக ஷெட் போடுவோம், சிலர் வேலை தேடி அலைவோம். வக்கீல், ரயில்வே, வங்கி என்று மூன்று வேலை மாறி 35 வயதில் தன் வழியைக் கண்டுபிடித்த ஒருவர் நம் ஊரில் வாழ்ந்தார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் இன்று நகரும் பள்ளியும் கம்பெனிகளும் இருக்கின்றன. எனக்கு அவர் பெயரைக் கேட்டால் நினைவுக்கு வருவது சாலையில் கிடந்த ஆணியும், அதைப் பொறுக்க அவர் அனுப்பிய வண்டியும்தான்.

உடைந்த ஸ்பிரிங் இப்போது எங்கள் ஒர்க்ஷாப் சுவரில் ஒரு ஆணியில் தொங்குகிறது. அடுத்த வருஷம் வரும் தம்பிகள் அதைக் கழற்றிவிட வேண்டாம்!

– இறுதியாண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு